வீடு ஷிஃப்டிங்: பீரோவை நீங்களே தூக்கினா நிஜமாவே காசு மிச்சமா?



மார்கழி பிறந்தாலே நமக்கு வழக்கமா ஒரு கேள்வி வர ஆரம்பிச்சிடும். "சார், தை பிறந்ததும் வீடு மாத்தப் போறோம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் 11,000 ரூபாய் கேட்கறாங்க. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் இருக்காங்க, ஒரு குட்டியானை பிடிச்சு நாங்களே ஏத்தி இறக்கிட்டா ஏழாயிரம் மிச்சம் தானே?"

கேள்வி நியாயமானது. புது வீட்டுக்கு அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பால் காய்ச்சற செலவுன்னு ஏற்கெனவே கையில இருக்கறது கரையற நேரம் அது. ஏழாயிரம் சின்னத் தொகை இல்ல. ஆனா அந்த ஏழாயிரம் எங்கிருந்து மிச்சமாகுதுன்னு யாரும் பிரிச்சுப் பார்க்கறதில்ல. பிரிச்சுப் பார்த்தா, அதுல பெரும்பகுதி கனமான சாமானைத் தூக்கறதுல கிடைக்கறது இல்லன்னு தெரியும். இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் போடப் போறோம்.

முதல்ல, மூணு வழிக்கும் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். கையில வர்ற சம்பளம் மாசம் 50,000. ஒரு பெட்ரூம் வீடு. வேளச்சேரியில ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போகப் போறது மேடவாக்கத்துல முதல் மாடி. சாமான்: ஒரு ஸ்டீல் பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், இன்வெர்ட்டர் பேட்டரி, பாத்திரம் பண்டம், துணிமணி, புத்தகம். கீழே இருக்கற தொகை எல்லாம் புரியறதுக்காக நான் போட்டது. உங்க ஏரியா ரேட்டை விசாரிச்சு அதே இடத்துல போட்டுக்கோங்க.

வழி 1: எல்லாமே நாமளே.
வண்டி வாடகை 2,000. அட்டைப்பெட்டி, டேப், கயிறு 600. வாஷிங் மெஷின் கழட்டி மாட்ட டெக்னீஷியன் 500. நண்பர்களுக்கு பிரியாணி, டீ 1,000. மொத்தம் 4,100.

வழி 2: எல்லாமே பேக்கர்ஸ்.
கொட்டேஷன் 9,500. அதுக்கு மேல ஜிஎஸ்டி 18% போட்டா 1,710. மொத்தம் 11,210.

வழி 3: பேக்கிங் நாமளே, தூக்கறது மட்டும் லோடுமேன்.
வண்டி 2,000. பெட்டி, டேப் 600. டெக்னீஷியன் 500. ரெண்டு லோடுமேனுக்கு ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி எல்லாம் சேர்த்து 2,400. மொத்தம் 5,500.

இப்போ பாருங்க. வழி 2-ஐ விட்டு வழி 1-க்குப் போனா மிச்சம் 7,110. வழி 3-க்குப் போனா மிச்சம் 5,710. அதாவது ஆளை வச்சுத் தூக்கினாலும் மிச்சத்துல 80% உங்க கைக்கு வந்துடுது. பேக்கர்ஸ் கம்பெனிக்கு நீங்க கொடுக்கற காசுல பெரும்பகுதி, பாத்திரத்தைப் பேப்பர்ல சுத்தறதுக்கும், பெட்டியில அடுக்கறதுக்கும், அந்தக் கம்பெனியோட லாபத்துக்கும் போகுது. பேக்கிங்கை நீங்க நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பண்ணிடலாம். அதுக்குப் பெரிய தெம்பு வேண்டாம், பொறுமை போதும்.

வழி 1-க்கும் வழி 3-க்கும் வித்தியாசம் 1,400 ரூபாய். பீரோவையும் ஃப்ரிட்ஜையும் நீங்களே தூக்கறதுக்கு உங்களுக்குக் கிடைக்கிற கூலி அவ்வளவுதான். அதையும் நாலு நண்பர்களோட பகிர்ந்துக்கணும்.

இது சனி, ஞாயிறுல மாத்தறதா வச்சுப் போட்ட கணக்கு. லீவு போட்டு மாத்தினா இன்னும் சுருங்கிடும். 50,000-ஐ 22 வேலை நாளால வகுத்தா ஒரு நாள் சுமார் 2,270. நாமளே தூக்கினா முழு நாள் லீவு, ஆளை வச்சா அரை நாள் போதும்னு வச்சுக்கலாம். அப்போ வழி 1 வந்து 6,370, வழி 3 வந்து 6,635. வித்தியாசம் வெறும் 265 ரூபாய்!

அந்த 1,400 ரூபாய்க்குப் பின்னாடி இருக்கற ரிஸ்க்

நம்ம சேனல்ல முதலீடு பத்திப் பேசும்போது எப்பவும் ஒண்ணு சொல்லுவேன்: லாபம் எவ்வளவுன்னு கேட்கறதுக்கு முன்னாடி, தப்பாப் போனா நஷ்டம் எவ்வளவுன்னு கேளுங்க. இங்கேயும் அதே கேள்விதான்.

நாள் பூரா ஏசி ரூம்ல சேர்ல உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்பு நம்மளது. வருஷத்துக்கு ஒரு தடவை, குறுகலான படிக்கட்டுல, குனிஞ்சு, திரும்பி, ஒரு பீரோவைத் தூக்கறோம். இடுப்பு பிடிச்சிடுச்சுன்னு வைங்க. பிசியோதெரபி பத்து சிட்டிங், ஒண்ணு 600 ரூபாய்னா 6,000. சிக் லீவு ஏற்கெனவே தீர்ந்து போய், நாலு நாள் சம்பளப் பிடித்தம் ஆச்சுன்னா 9,080. மொத்தம் 15,080.

15,080-ஐ 1,400-ஆல வகுத்துப் பாருங்க. ஏறக்குறைய 11. அதாவது பதினோரு தடவை வீடு மாத்தி, அதுல ஒரே ஒரு தடவை இடுப்பு பிடிச்சாலே மொத்த மிச்சமும் போயிடும். ஃப்ரிட்ஜ் படிக்கட்டுல இடிச்சு நசுங்கறது, கை விரல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டறது, பழைய வீட்டு டைல்ஸ் உடைஞ்சு ஓனர் அட்வான்ஸ்ல பிடிக்கறது, இதெல்லாம் நான் கணக்குல சேர்க்கவே இல்ல.

"இன்சூரன்ஸ் இருக்கே சார்"னு நினைப்பீங்க. அதையும் பார்த்துடலாம்.

ஹெல்த் இன்சூரன்ஸ் பொதுவா ஆஸ்பத்திரியில சேர்ந்து எடுக்கற சிகிச்சைக்குத்தான். டாக்டரைப் பார்த்துட்டு, பிசியோதெரபிக்குத் தினமும் போய் வர்ற செலவுக்கு, ஓபிடி கவர் தனியா இல்லைன்னா பெரும்பாலும் கிளெய்ம் கிடைக்காது. முதுகுத்தண்டு டிஸ்க் விலகற பிரச்சினைக்கு, தனியா எடுக்கற பல பாலிசிகள்ல முதல் 24 மாசம் காத்திருப்புக் காலமும் உண்டு. கம்பெனி கொடுக்கற குரூப் பாலிசியில இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இருக்காது. உங்க பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

பேங்க்ல வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா இருக்கே, அது 18 முதல் 70 வயசு வரைக்கும் எல்லாரும் எடுக்க வேண்டியதுதான். ஆனா அது விபத்துல இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு மட்டும். நாலு நாள் படுத்துக் கிடந்தா அதுல ஒரு ரூபாயும் வராது. தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் வேணும்னா, தனி விபத்துக் காப்பீட்டுல அந்தப் பலன் இருக்கான்னு கேட்டு வாங்கணும்.

ஆக, ஷிஃப்டிங்ல சகஜமா வரக்கூடிய இடுப்பு வலிக்குத்தான் பெரும்பாலும் எந்த பாலிசியும் கை கொடுக்காது. அந்தச் செலவு முழுசும் உங்க எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்துதான் போகும்.

எதை நாமளே தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது?

இதுக்கு ஒரு எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க: 23 கிலோ. அமெரிக்காவோட நியோஷ்ங்கற தொழிலிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், ஒருத்தர் தூக்கறதுக்குப் பரிந்துரைக்கிற மேல் வரம்பு இது. அதுவும் எல்லாம் சரியா அமைஞ்சா மட்டும்: பொருள் உடம்பை ஒட்டி இருக்கணும், இடுப்பு உயரத்துல இருக்கணும், நல்ல பிடிமானம் இருக்கணும், உடம்பைத் திருப்பக் கூடாது. படிக்கட்டுல இதுல ஒண்ணு கூட அமையாது. அதனால நடைமுறையில 15 கிலோன்னு வச்சுக்கறது நல்லது.

இப்போ வீட்டுல இருக்கற சாமானோட கனத்தைப் பாருங்க:

1. காஸ் சிலிண்டர்: உள்ளே காஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டர் 15-16 கிலோ. முழு சிலிண்டர் 30 கிலோ.
2. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்: சுமார் 40 கிலோ. டபுள் டோர் இன்னும் கூட.
3. இன்வெர்ட்டர் பேட்டரி (150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர்): ஆசிட்டோட 50 கிலோவுக்கு மேல. சாய்ச்சா ஆசிட் ஒழுகும்.
4. ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின்: 60-70 கிலோ. ஆடாம இருக்கறதுக்காக உள்ளே கான்கிரீட் கட்டியே வச்சிருப்பாங்க.
5. ஸ்டீல் பீரோ: காலியாவே ரெண்டு பேர் திணறுவாங்க. உள்ளே துணியோட தூக்கணும்னு நினைக்கவே வேண்டாம்.

இதுல 2 முதல் 5 வரைக்கும் லோடுமேன்கிட்ட விட்டுடுங்க. மத்த எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கலாம். புத்தகத்தை மட்டும் சின்னப் பெட்டியில போடுங்க. பெரிய பெட்டி நிறைய புத்தகம் அடுக்கினா அது ஒரு குட்டி பீரோ மாதிரி ஆயிடும்.

மேன்ஷன்லயோ பிஜியிலயோ இருந்து ரெண்டு சூட்கேஸ், ஒரு மெத்தை, ஒரு டேபிள் ஃபேனோட மாறறவங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். தாராளமா நீங்களே தூக்குங்க.

நாமளே தான் நகர்த்தணும்னா?

சில நேரம் ஆள் கிடைக்காது. இல்ல, அதே வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு மாத்தணும். அப்போ ஒரே ஒரு விதி: தூக்காதீங்க, நகர்த்துங்க.

பீரோவைக் காலி பண்ணுங்க. டிராயர், தட்டு கழட்டற மாதிரி இருந்தா கழட்டிடுங்க. கதவைப் பூட்டி, மேல கயிறு சுத்துங்க. பாதி வழியில கதவு திறந்துகிட்டா ஆளையே சாய்ச்சிடும். ரெண்டு கால் தரையில இருக்கும்போதே ஒரு பக்கத்தை மட்டும் லேசா நெம்பி, அடியில மடிச்ச கோணிப்பையோ பழைய போர்வையோ வைங்க. அடுத்த பக்கமும் அதே மாதிரி. அப்புறம் மொசைக், டைல்ஸ் தரையில ஒருத்தர் கீழ் பக்கமா தள்ள, இன்னொருத்தர் சாயாம பிடிச்சுக்கிட்டா சுலபமா வழுக்கிட்டுப் போகும். உயரத்துல கை வச்சுத் தள்ளினா கவிழும்.

தரை சொரசொரப்பா இருந்தா உருளை முறை. ஒரே அளவுல மூணு இரும்புப் பைப் எடுத்துக்கோங்க. ஒரு நீளமான கனமான பலகை மேல பீரோவை நிறுத்தி, பலகைக்கு அடியில பைப் போட்டு உருட்டணும். பின்னாடி வெளியே வர்ற பைப்பை எடுத்து முன்னாடி போட்டுக்கிட்டே போகணும். அந்தக் காலத்துல பெரிய பெரிய கல்லை நகர்த்தின அதே உத்திதான். பைப் எடுக்கற ஆளோட விரல் பத்திரம், அவர் எடுக்கறப்போ மத்தவங்க தள்ளக் கூடாது. ஒரு படி ரெண்டு படின்னா பலகையைச் சாய்ச்சு வச்சு சரிவுல ஏத்துங்க. முழு மாடிப்படின்னா இந்த வேலையே வேண்டாம், ஆள் கிடைக்கிற வரைக்கும் காத்திருங்க. படிக்கட்டுல கீழ நிக்கறவர் மேலதான் அதிக பாரம் இறங்கும். மேல இருக்கறவர் கை வழுக்கினா அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே ஆஃப் பண்ணி, ஐஸ் கரைச்சு, தண்ணியைத் துடைச்சிடுங்க. நிமிர்த்தியே கொண்டு போங்க. வழியில்லாம படுக்க வச்சிருந்தா, போய் நிமிர்த்தி வச்சதும் ஸ்விட்ச் போடாதீங்க. கம்ப்ரசர் ஆயில் கீழ இறங்கணும், அதுக்காக ஒரு நாள் விடறது நல்லது. ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கு, வாங்கினப்போ டெக்னீஷியன் கழட்டிக் கொடுத்த ட்ரான்சிட் போல்ட் இருக்கும். அதைத் தேடி எடுத்து திரும்ப மாட்டின பிறகுதான் வண்டியில ஏத்தணும். போல்ட் இல்லாம போனா உள்ளே டிரம் ஆடி அடிபடும். டெக்னீஷியனுக்கு 500 ரூபாய் போட்டது அதுக்காகத்தான்.

மார்கழியில மாத்தறது நல்லதா?

நம்ம ஊர்ல ஆடியிலயும் மார்கழியிலயும் பெரும்பாலானவங்க வீடு மாத்த மாட்டாங்க. தை பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க. அப்போ வண்டிக்கும் ஆளுக்கும் கிராக்கி. மார்கழியில அதே வண்டிக்கும் லோடுமேனுக்கும் பேரம் பேச இடம் இருக்கும். வாடகையைக் குறைச்சுப் பேசவும் வாய்ப்பு உண்டு, காலி வீட்டை வச்சிருக்கற ஓனருக்கு அது ஒரு மாச நஷ்டம்.

நம்பிக்கை இருக்கறவங்க அதை விடணும்னு நான் சொல்லல. நிறைய வீடுகள்ல கார்த்திகை மாசக் கடைசியில நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிடறாங்க. அப்படிப் பண்ணிட்டு, சாமானை மட்டும் தையில கொண்டு போகலாம்னு ஒரு மாசம் விட்டா, ரெண்டு வீட்டுக்கும் வாடகை ஓடும். வாடகை 15,000-னா அந்த ஒரு முடிவோட விலை 15,000. நாம இவ்வளவு நேரம் பேசின 1,400-ஐ விட பத்து மடங்குக்கும் மேல! "பால் காய்ச்சியாச்சு, சாமானை மார்கழியிலயே கொண்டு போயிடலாமா?"ன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பல பேர் சரின்னுடுவாங்க. இல்லைன்னா, தையில பால் காய்ச்சற மாதிரியே வாடகைத் தேதியைப் பேசி வைங்க.

மார்கழியில மாத்தினா ரெண்டு விஷயம் கவனிக்கணும். அதிகாலைப் பனியில வெளிப் படிக்கட்டு ஈரமா வழுக்கும், உடம்பும் விறைச்சுப் போயிருக்கும். அஞ்சு மணிக்கு ஆரம்பிக்காம எட்டு மணிக்கு ஆரம்பிங்க. சென்னைப் பக்கம் டிசம்பர்ல மழையும் வரும். வண்டியில தார்ப்பாய் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

வேற ஊருக்கு மாறினா கணக்கே வேற

சென்னையில இருந்து பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போறீங்கன்னா, பெரிய வண்டி, நீண்ட தூரம், வேற ஆளுங்க. அங்கே பேப்பர்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஒண்ணு, ஜிஎஸ்டி பில். "பில் வேண்டாம்னா குறைச்சுக்கறேன்"னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. பில் இல்லைன்னா, பாதி வழியில வண்டியை நிறுத்தி ரேட்டை ஏத்தினாலும், டிவி உடைஞ்சு வந்தாலும், நீங்க யார்கிட்ட என்ன கொடுத்தீங்கன்னே நிரூபிக்க முடியாது. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். தமிழ்நாட்டுல பதிவானதுன்னா 33-ன்னு ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல அந்த எண்ணைப் போட்டா கம்பெனி பேர் வந்துடும். ஒரு நிமிஷ வேலை.

ரெண்டு, சாமானோட மதிப்பு. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்றது இது: சரக்கு தொலைஞ்சாலோ சேதமானாலோ, கேரியரோட பொறுப்பு நீங்க கொடுத்த வாடகையைப் போல பத்து மடங்கு வரைக்கும்தான். அதுவும் நீங்க எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. அதுக்கு மேல பொறுப்பு வேணும்னா, கூடுதல் கட்டணம் கொடுத்து முன்னாடியே எழுதி வாங்கணும். வாடகை 14,000-னா உச்சவரம்பு 1,40,000. ஆனா நீங்க ஃபாரத்துல மதிப்பு 30,000-னு எழுதியிருந்தா 30,000-தான். சார்ஜ் குறையும்னு மதிப்பைக் குறைச்சு எழுதாதீங்க. கேஸ் போடணும்னா, அதுக்கு முன்னாடி புக்கிங் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துமூலமா நோட்டீஸ் கொடுத்திருக்கணும்.

மூணு, "இன்சூரன்ஸ்". கொட்டேஷன்ல இன்சூரன்ஸ்னு ஒரு தொகை போட்டிருந்தா, எந்தக் கம்பெனி, பாலிசி நம்பர் என்னன்னு கேளுங்க. பாலிசி உங்க பேருக்கு வரலைன்னா அது இன்சூரன்ஸ்தானான்னு சந்தேகப்படுங்க.

காஸ் சிலிண்டரை வண்டியில ஏத்தாதீங்க. ஊர் மாறும்போது ஏஜென்சியில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு வவுச்சர் வாங்கிக்கிட்டா, புது ஊர்ல கனெக்‌ஷன் எடுத்துக்கலாம்.

கம்பெனி செலவு கொடுத்தா, வரி உண்டா?

ஒரு சிஏவா நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பற இடம் இதுதான்.

உங்க கம்பெனி உங்களை ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணி, அதுக்கான பயணம், பேக்கிங், சாமான் கொண்டு போற செலவுக்கு அலவன்ஸ் கொடுத்தா, நிஜமா செலவான தொகை வரைக்கும் வரி கிடையாது. 1961 வருமான வரிச் சட்டத்துல பிரிவு 10(14), விதி 2பிபி. முக்கியமான விஷயம், புதிய வரி முறையில இருந்தாலும் இந்தச் சலுகை உண்டு. எச்ஆர்ஏ, 80சி மாதிரி இது பறிபோகல. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம்ங்கறதால, அதுக்கு அப்புறம் மாறறவங்க பிரிவு எண்ணை ஹெச்ஆர்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க.

ஆனா மூணு இடத்துல கவனம் வேணும்.

பில் இல்லாம மொத்தமா "ரீலொகேஷன் போனஸ்"னு சம்பளத்தோட சேர்த்துக் கொடுத்தா, அது சம்பளம் மாதிரிதான், வரி பிடிப்பாங்க. உதாரணமா, வருஷம் 18 லட்சம் சம்பளம், 2025-26 நிதியாண்டு, புதிய முறை. நிலைக்கழிவு 75,000 போனா 17.25 லட்சம், அதாவது 20% அடுக்கு. செஸ் சேர்த்து 20.8%. 40,000 ரூபாய் போனஸ்ல 8,320 வரியா போய், கைக்கு வர்றது 31,680. அதே 40,000-ஐ டிரான்ஸ்ஃபர் செலவா பில் வச்சு வாங்கினா முழுசும் உங்களுக்கு. அதனால, "பில் கொடுத்தா ரீஇம்பர்ஸ் பண்ணுவீங்களா?"ன்னு பேமெண்ட் வர்றதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. பில் வாங்கச் சொன்னதுக்கு இது இன்னொரு காரணம்.

ரெண்டாவது, புதுசா ஒரு கம்பெனியில சேர்றதுக்காக ஊர் மாறறது டிரான்ஸ்ஃபர் ஆகாது. அதுக்குக் கொடுக்கிற ஜாயினிங் தொகைக்கு வரி உண்டுன்னு நினைச்சே பட்ஜெட் போடுங்க. அதே ஊருக்குள்ள உங்க வசதிக்காக வேளச்சேரியில இருந்து மேடவாக்கம் மாறினாலும் இந்தச் சலுகை கிடையாது.

மூணாவது, ஆஃபர் லெட்டர்ல ஒரு வரி இருக்கும்: ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா ரீலொகேஷன் தொகையைத் திருப்பித் தரணும்னு. நீங்க வாங்கினது 31,680, திருப்பிக் கேட்கறது 40,000-ஆ இருக்கலாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி "வரி போகக் கைக்கு வந்த தொகையா, மொத்தத் தொகையா?"ன்னு மெயில்ல கேட்டு வச்சுக்கோங்க.

பழைய வரி முறையில எச்ஆர்ஏ எடுக்கறவங்க, ஜனவரி ப்ரூஃப் கொடுக்கும்போது பழைய வீடு, புது வீடு ரெண்டுக்கும் வாடகை ரசீது கொடுக்கணும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா புது ஓனரோட பான் எண்ணும் வேணும். சாவி வாங்கும்போதே பான் கேட்டுடுங்க, மார்ச்ல அலையவேண்டாம்.

சுருக்கமா சொல்லணும்னா

1. பேக்கிங் நீங்க பண்ணுங்க. மிச்சம் அங்கேதான் இருக்கு.
2. 15 கிலோவைத் தாண்டற எதையும் படிக்கட்டுல நீங்க தூக்காதீங்க.
3. லோடுமேன் ரேட்டை மாடிக்கூலி, பேட்டா எல்லாம் சேர்த்து முன்னாடியே பேசிடுங்க. இறக்கினதுக்கு அப்புறம் பேரம் பேசாதீங்க. பீரோவைத் தூக்கறது அவர் இடுப்பு, அவருக்கும் நாளைக்கு வேலைக்குப் போகணும்.
4. ஏத்தறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், பழைய வீட்டுச் சுவர், தரை எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்து வைங்க. உடைஞ்சது எப்போன்னு நாளைக்கு வாக்குவாதம் வந்தா அதுதான் சாட்சி. அட்வான்ஸ் திரும்ப வாங்கவும் உதவும்.
5. ஊர் மாறறவங்க ஜிஎஸ்டி பில், சரியான மதிப்பு, பாலிசி நம்பர் மூணும் இல்லாம சாமானை ஏத்தாதீங்க.
6. தங்கம், சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், லேப்டாப் எதையும் வண்டியில ஏத்தாதீங்க. அது உங்க தோள் பையில இருக்கட்டும்.

இந்த வாரமே ஒரு பேப்பர்ல உங்க வீட்டுச் சாமானை எல்லாம் எழுதி, மேல சொன்ன மூணு வழிக்கும் உங்க ஏரியா ரேட்டைப் போட்டுப் பாருங்க. வழி 1-க்கும் வழி 3-க்கும் நடுவுல வர்ற அந்தத் தொகையைத் தனியா வட்டம் போடுங்க. அந்தக் காசுக்கு இந்த பீரோவை ரெண்டு மாடி இறக்குவீங்களான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

புது வீட்டுல எல்லாம் நல்லபடியா அமையட்டும். அடுத்த பதிவுல சந்திப்போம்!